அடக்கி வாசித்தார்

போன வாரம் அந்தக் கடிதம் வந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன். மறந்துபோய் அல்ல, பயந்துபோய்.

இப்போது ராத்திரி மணி ஒன்றாகப் போகிறது. போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். உங்களிடம் சொல்லிவிட்டால் கொஞ்சம் மூச்சு வரும் போலிருக்கிறது. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் அப்பா மிருதங்கம் வாசிப்பவர். இருபத்திரண்டு வருஷம் ஒரே பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர். இந்த நாட்டு இசைப் பள்ளி ஒன்று இரண்டு வருஷத்துக்குக் கூப்பிட்டது, வந்தோம். பாடகருக்கு ஏகக் கோபம். நாங்கள் விமானம் ஏறுவதற்குள் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டார். இனி திரும்பிப் போனால் அப்பாவுக்கு மேடை இல்லை. இங்கே பள்ளிக்காரர்கள் தொடர்ந்து வைத்துக்கொள்ளத் தயார். ஆனால் விசா இன்னும் நாற்பத்தோரு நாளில் முடிகிறது. புது விசாவுக்கு ஒரே வழிதான் உண்டாம். அப்பா ‘அசாதாரணத் திறமை’ உள்ளவர் என்று நிரூபிக்க வேண்டும். ஏழு வகைச் சான்று சொல்லியிருக்கிறார்கள். அதில் குறைந்தது மூன்று வேண்டும்.

அப்பாவைத்தான் உங்களுக்குத் தெரியுமே. பஸ்ஸில் பாதி இடம் காலியாக இருந்தாலும், அடுத்த நிறுத்தத்தில் யாராவது ஏறுவார்களோ என்று நின்றுகொண்டே வருகிற மனுஷன். அவரைப் போய் ‘நான் அசாதாரணமானவன்’ என்று பன்னிரண்டு இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால் எப்படி இருக்கும்? பேனாவைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போன வாரம் வந்த கடிதம் சொன்னது இதுதான்: சான்றுகள் போதவில்லை, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

இன்றைக்குக் காலை ஏழு மணிக்கே வீட்டில் சண்டை. காரணம் ஒரு முழங்கால்.

வக்கீல் வீடியோ கேட்டிருந்தார். அப்பாவிடம் இருந்த பழைய கச்சேரி வீடியோக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு கையில் இஸ்திரிப் பெட்டியோடு நின்றாள்.

“இது யாரு?”

“பாடகர்.”

“அது தெரியுது. நீங்க எங்க?”

“இதோ.” அப்பா திரையின் ஓரத்தில் விரலை வைத்தார்.

“இது முட்டி.”

“என் முட்டிதான்.”

“அடுத்ததைப் போடு,” என்றாள் அம்மா என்னிடம். போட்டேன். பாடகர் கையை விரித்தார், கண்ணை மூடினார், தலையை ஆட்டினார். கேமரா அவரை விட்டு நகரவே இல்லை. நாலாவது நிமிஷத்தில் ஓரத்தில் ஒரு முழங்கை வந்து போனது.

“முன்னேற்றம்,” என்றாள் அம்மா. “முட்டியிலேர்ந்து முழங்கைக்கு வந்துட்டீங்க. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு கேமராக்காரன்கிட்டயாவது, தம்பி, கொஞ்சம் இந்தப் பக்கமும் திருப்புப்பான்னு சொல்ல வாய் வரலையா?”

“எல்லாரும் பாட்டு கேக்கத்தானே வர்றாங்க.”

“அப்ப ஆபீசருக்கு அப்படியே எழுதிக் குடுங்க. ‘ஐயா, ஓரத்துல தெரியற முட்டி என்னோடதுதான், தயவுபண்ணி நம்புங்க’ன்னு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“உனக்கென்னடி இளிப்பு? கொஞ்சம் அடக்கி வாசி.”

அடக்கி வாசி. இந்த வீட்டில் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது எனக்கு விழுகிற வார்த்தை. போனில் சத்தமாகப் பேசினால் விழும், கதவை ஓங்கிச் சாத்தினால் விழும், டீச்சரிடம் மார்க்குக்குச் சண்டை போட்டேன் என்று தெரிந்தால் விழும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வினையும் இதில்தான் இருக்கிறது.

*

வக்கீலின் ஆபீஸ் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே. குறுகலான படி, இரண்டு நாற்காலி, எந்நேரமும் சூடாகவே இருக்கும் ஒரு ஜெராக்ஸ் மெஷின். வக்கீல் எங்கள் ஃபைலில் ஒவ்வொரு காகிதத்துக்கும் ஸ்டிக்கர் ஒட்டுவார். பச்சை என்றால் பலமான சான்று, மஞ்சள் என்றால் பரவாயில்லை, சிவப்பு என்றால் தேறாது. வீட்டில் அவருக்கு ஸ்டிக்கரம்மா என்று பெயர் வைத்ததும் அம்மாதான்.

ஸ்டிக்கரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அப்பாவுக்கு அவர் பாஷையில் வகுப்புக்கு வேண்டியது மட்டும் தெரியும். ‘மறுபடி’, ‘மெதுவாக’, ‘கையைத் தளர்த்து’. விசாவுக்கு அது போதாது. அதனால் நடுவில் நான். பள்ளிக்கூடத்துக்கு லீவு.

இன்றைக்கு ஃபைலைத் திறந்ததுமே கண் கூசியது. அத்தனையும் சிவப்பு.

மூன்று விருதுக்கும் சிவப்பு. கொடுத்த சங்கங்களை ஆபீசருக்குத் தெரியவில்லையாம்.

பாடகரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய கடிதத்துக்கும் சிவப்பு. இரண்டு பக்கக் கடிதத்தில் ஒன்றே முக்கால் பக்கம் அவர் எந்தெந்த ஊரில் பாடினார், எத்தனை பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்று இருக்கிறது. அப்பாவைப் பற்றிக் கடைசியில் மூன்று வாக்கியம்தான். ‘நேரத்துக்கு வந்துவிடுவார். அதிகம் பேச மாட்டார். நல்ல மனிதர்.’

‘பக்கவாத்தியம்’ என்ற வார்த்தைக்குத் தனியாக ஒரு சிவப்பு. அதை நான்தான் ‘பக்கத்தில் இருக்கும் வாத்தியம்’ என்று மொழிபெயர்த்திருந்தேன். பக்கத்தில் இருப்பவர் எப்படி முன்னணிக் கலைஞர் ஆவார் என்று ஆபீசர் கேட்டிருந்தார்.

“என்ன சொல்றாங்க?” என்றார் அப்பா.

“பக்கத்துல உக்காந்தா பத்தாதாம்பா.”

“வேற எங்க உக்காரணுமாம்? மடியிலயா?”

இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பிறகு ஸ்டிக்கரம்மா கடைசிக் காகிதத்தைத் திருப்பினார். அவர் முகமே மாறிவிட்டது. பச்சை. மொத்த ஃபைலிலும் ஒரே ஒரு பச்சை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பத்திரிகையில் வந்த கச்சேரி விமர்சனம், என் மொழிபெயர்ப்பில். கடைசி வரியின் மேல் மஞ்சள் மையால் கோடு போட்டிருந்தார். அதை உரக்கப் படித்தார், பாட்டு மாதிரி. ஆபீசருக்கும் இந்த வரி பிடித்திருக்கிறதாம். இது ஒன்று உறுதியானால் மீதி இரண்டு சான்றை எப்படியாவது கட்டி நிறுத்திவிடலாமாம். ஆனால் மூன்று விஷயம் கேட்டிருக்கிறார். பத்திரிகையின் அசல் பக்கம், எழுதியவரின் கையெழுத்து, வேறொரு மொழிபெயர்ப்பாளரின் சான்றிதழ். ஏனென்றால் முதலில் சான்றிதழ் கொடுத்தவரும் விண்ணப்பித்தவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரை வரச் சொல்லியிருப்பதாகச் சொல்லிச் சிரித்தார் ஸ்டிக்கரம்மா.

என் காதில் ஜெராக்ஸ் மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

போன வாரம் சொல்லாமல் விட்டது இதுதான். அந்த வரி பத்திரிகையில் இல்லை.

அரைப் பக்க விமர்சனம். எல்லாம் பாடகரைப் பற்றி. கடைசி வரி மட்டும் அப்பாவுக்கு: ‘மிருதங்கக்காரர் அன்று அடக்கி வாசித்தார்.’ அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த அர்த்தம் அம்மா திட்டுகிற அர்த்தம்தான். அப்பாவை ஊரறியக் குறை சொல்லி எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதைப் போய் அப்பா பிளாஸ்டிக் உறை போட்டு இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தது எனக்குத் தாங்க முடியாத பாவமாக இருந்தது. திட்டு என்றுகூடப் புரியவில்லையோ இவருக்கு? கேட்கவும் மனசு வரவில்லை. மாற்றிவிட்டேன். ‘அன்று மிருதங்கக் கலைஞர் அரங்கம் முழுவதையும் தன் பிடியில் வைத்திருந்தார்’ என்று எழுதினேன். அடக்கினார் என்பது இருக்கிறது, எதை அடக்கினார் என்பதைத்தானே மாற்றினோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கீழே, ‘இரண்டு மொழியும் நன்கு அறிந்தவன், இந்த மொழிபெயர்ப்பு உண்மையானது’ என்று வயது வந்தவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குப் பதினாறு. அம்மா போட்டாள். படிக்கவில்லை. “நீ பாத்துட்டேல்ல? அப்புறம் நான் என்னத்தைப் பாக்கறது,” என்று சொல்லிப் போட்டாள்.

அந்தக் கையெழுத்துக்குக் கீழே இருந்த பொடி எழுத்தை நான் பிறகுதான் படித்தேன். பொய்யாகச் சான்றளித்தால் விசா போவது மட்டும் இல்லை. கையெழுத்துப் போட்டவர் மேல் வழக்கு வரும்.

“என்ன சொல்றாங்க? பச்சை எதுக்கு?” அப்பா என் முழங்கையை இடித்தார்.

“அந்த விமர்சனம் நல்லா இருக்காம்பா.”

அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். “அவர் எழுதின கடைசி வரிதானே? அடக்கி வாசிச்சாருன்னு எழுதியிருப்பாரே?”

“ம்.”

“அட! இவங்களுக்கும் அது புரிஞ்சிடுச்சா?” நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். “நீ அவங்களுக்கு நல்லா எடுத்துச் சொல்லு. அன்னைக்குப் பாடகருக்குக் குரல் சரியில்ல. சளி. மேல போற இடமெல்லாம் உடையுது. நான் வழக்கம்போல வாசிச்சிருந்தா ஓட்டை வெளிய தெரிஞ்சிருக்கும். கையைக் குறைச்சுக்கிட்டேன். அவர் மூச்சு வாங்கற இடத்துல மட்டும் லேசா நிரப்பிவிட்டேன். ரெண்டரை மணி நேரம். சபையில ஒருத்தருக்கும் தெரியல. எழுதினாரே, அந்த ஒருத்தருக்கு மட்டும்தான் தெரிஞ்சுது. சொல்லு, சொல்லு.”

அப்பா தொடர்ந்து இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. ஸ்டிக்கரம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

இதைச் சொன்னால், அந்த மஞ்சள் கோட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அவருக்கு அடுத்த நொடியே தெரிந்துவிடும்.

“அப்பா நன்றி சொல்கிறார்,” என்றேன் அவருடைய பாஷையில்.

அப்பா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நான் எட்டு ஆவர்த்தனம் சொன்னேன். நீ ஒரே தட்டுல முடிச்சிட்டியே?”

“இந்த பாஷை அப்படித்தாம்பா. சுருக்கமா வரும்.”

*

விமர்சகரின் கையெழுத்து வேண்டும் என்பதை மட்டும் மறைக்க முடியவில்லை. ஸ்டிக்கரம்மா அதற்கான படிவத்தை அப்பா கையிலேயே கொடுத்துவிட்டார்.

“இப்பவே போன் போட்டுடலாம்,” என்றார் அப்பா தெருவில்.

“அவர் தூங்கிட்டிருப்பாருப்பா.”

“அங்க இப்ப சாயங்காலம். வா, அம்மாவும் கேக்கட்டும். காலையில முட்டி முட்டின்னு என்ன ஆட்டம் ஆடினா!”

அம்மா துணி ஆல்டர் பண்ணும் கடையில் வேலை செய்கிறாள். கடையின் பின் அறையில்தான் அவள் மெஷின். சீட்டுக் குத்திய பேன்ட்டுகள் கம்பியில் வரிசையாகத் தொங்கின. நாங்கள் போனபோது அவள் உதட்டில் ஆறேழு குண்டூசியைக் கவ்விக்கொண்டு, ஒரு நீளப் பாவாடையின் கீழ் மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரம் என்பதால் வேறு யாரும் இல்லை.

“பச்சை!” என்றார் அப்பா வாசலிலேயே.

“ம்?” அம்மாவால் ஊசியோடு அவ்வளவுதான் பேச முடியும்.

“ஒரு பச்சை வாங்கிட்டேன்!”

அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுத் தையல் மேஜைமேல் வைத்தார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து ஏதோ சொல்லப் பார்த்தேன். “ம்ஹும்” என்று கையைத் தட்டிவிட்டாள். மணி அடித்தது. எடுத்துவிட்டார்கள்.

“யாரு?”

“நான்தான் சார், மிருதங்கம்.”

“எந்த மிருதங்கம்? இந்த ஊர்ல கல்லெறிஞ்சா நாலு மிருதங்கத்து மேல விழும்.”

அப்பா பாடகரின் பெயரைச் சொன்னார்.

“அடடே, நீயா! எங்கப்பா போயிட்டே? நீ போனதுலேர்ந்து அந்த ஆள் பாட்டைக் கேக்க முடியல. புதுசா ஒருத்தன் வந்திருக்கான். மாடிப்படியில அண்டாவை உருட்டிவிட்ட மாதிரி ஒரே சத்தம்.”

அப்பா வெட்கப்பட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். விஷயத்தைச் சொன்னார். எந்த விமர்சனம் என்று தேதி சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

“அதுவா? ‘அடக்கி வாசித்தார்.’ முப்பது வருஷம் எழுதினேன். அந்த வார்த்தையை மொத்தம் நாலு பேருக்குத்தான் குடுத்திருக்கேன், தெரியுமா? கையெழுத்துக்கு என்ன, நூறு போடறேன். ஆனா ஒண்ணு. எதுல போடறேன்னு எனக்குத் தெரியணும். அவங்க பாஷையில என்னன்னு எழுதியிருக்கு? வரி பிசகாம அப்படியே தமிழ்ல சொல்லு.”

“அதுக்கென்ன சார், பொண்ணு சொல்லுவா,” என்று அப்பா காகிதத்தை என் கையில் கொடுத்தார்.

மஞ்சள் கோடு. எழுத்தெல்லாம் நகர்ந்தது. பொய் சொல்லியிருக்கலாம். ‘அடக்கி வாசித்தார்னுதான் இருக்கு சார்’ என்று ஒரு வாக்கியம் போதும். வாய் வரை வந்தது. வியாழக்கிழமை பத்து மணி ஞாபகம் வந்தது. அந்தப் பொடி எழுத்தும் ஞாபகம் வந்தது.

“‘அன்று... மிருதங்கக் கலைஞர்... அரங்கம் முழுவதையும் தன் பிடியில் வைத்திருந்தார்.’”

போனில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“இது யாரைப் பத்திம்மா?” என்றார் விமர்சகர்.

அப்பா மெதுவாகக் கையை நீட்டினார். “சார், நான் அப்புறம் கூப்பிடறேன்.” போனை அணைத்தார். அந்தக் காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி, முதலில் இருந்த மடிப்பிலேயே மடித்தார்.

அம்மா உதட்டிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காந்தத் தட்டில் வைத்தாள். ஏழு.

“யார் எழுதினது?”

“நான்.”

“கீழ யார் கையெழுத்து?”

“உன்னோடது.”

“ஏண்டி?” அடிக்க வருகிற குரல் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“அப்பாவைத் திட்டி எழுதியிருக்காங்கன்னு நினைச்சேம்மா. அடக்கி வாசின்னா திட்டுதானே? நீ அப்படித்தானே சொல்லுவே?” அழுகை வந்துவிட்டது. “அப்பாவைப் போய் யாரோ அப்படிச் சொல்லியிருக்காங்கன்னு...”

அம்மா பாவாடையைத் தூக்கி மெஷின்மேல் போட்டாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

“ஏதாவது சொல்லுங்களேன்! கத்துங்க! அவளை ரெண்டு திட்டுங்க! கோபத்தைக்கூட அடக்கித்தான் வாசிக்கணுமா?”

அப்பா என்னைப் பார்த்தார். “பதினாறு வருஷமா அடுத்த ரூம்ல வாசிக்கறேன். நான் என்ன வாசிக்கறேன்னு உனக்குக் கேக்கவே இல்லையா?”

“கேக்கற மாதிரி நீங்க வாசிக்கவே இல்லையேப்பா.”

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். தாளம் தப்பிய மாணவனிடம் ‘சரி, விடு’ என்று ஆட்டுவது போல.

“வக்கீலுக்குப் போன் போடு,” என்றார்.

“எதுக்கு?” என்றாள் அம்மா. “இருந்த ஒரே பச்சையும் நாங்களே பூசிக்கிட்ட சாயம்னு சொல்லவா?”

“வியாழக்கிழமை அந்த மொழிபெயர்ப்பாளர் வந்தா எப்படியும் தெரியத்தான் போகுது.”

“தெரியட்டும். அப்ப பாத்துக்கலாம்.”

“அப்ப தெரிஞ்சா அது பொய். இப்ப நாமே சொன்னா தப்பு. தப்புக்கு ஏதாவது வழி இருக்கும்.”

“இல்லேன்னா? நாற்பத்தோரு நாள்ல மூட்டையைக் கட்டிக்கிட்டு எங்க போய் நிப்பீங்க? உங்க இடத்துலதான் அண்டாவை உருட்டிக்கிட்டிருக்கானே ஒருத்தன்!”

அப்பா போனை என் பக்கம் தள்ளினார்.

*

ஸ்டிக்கரம்மாவிடம் நான் சொன்னேன். அந்த வரி தப்பு, பத்திரிகையில் அப்படி இல்லை என்று. அதைச் சொல்ல அவர் பாஷையில் பத்து வார்த்தைகூட ஆகவில்லை. நிஜமாகவே சுருக்கமான பாஷைதான்.

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. காகிதத்திலிருந்து ஸ்டிக்கர் உரிகிற சத்தம்.

அந்த வரியைத் திரும்பப் பெற்றாக வேண்டும் என்றார். வேறு வழியே இல்லை. பிறகு, அப்படியானால் நிஜமான வரி என்ன சொல்கிறது என்று கேட்டார்.

“அப்பா, காலையில சொன்னீங்களே, அதை மறுபடி சொல்லுங்க.”

அப்பா சொன்னார். சளி, உடைந்த குரல், குறைத்த கை, மூச்சு வாங்கும் இடம், ரெண்டரை மணி நேரம். இந்தத் தடவை நான் ஒரு வார்த்தை விடவில்லை. அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தினேன். ‘லேசா நிரப்பிவிட்டேன்’ என்பதற்கு மட்டும் வார்த்தை கிடைக்கவில்லை. மேஜைமேல் அப்பா விரல் நுனியால் தட்டிக் காட்டினார். போனை அவர் விரலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

ஸ்டிக்கரம்மா இதற்கு என்ன நிறம் ஒட்டுவது என்று தனக்குத் தெரியவில்லை என்றார். பிறகு கேட்டார்: அந்தப் பாடகர் இதை எழுத்தில் உறுதி செய்வாரா?

நான் அப்பாவிடம் கேட்டேன். இந்த மொத்த நாளில் முதல் தடவையாக அப்பா சத்தமாகச் சிரித்தார்.

“அன்னைக்குக் குரல் போயிடுச்சுன்னு அவருக்கே இன்னும் தெரியாதும்மா.”

அதையும் மொழிபெயர்த்தேன். ஸ்டிக்கரம்மா சிரிக்கவில்லை. அவர் குரல் மாறிவிட்டது. அந்த வரியை மாற்றியது யார், கையெழுத்துப் போட்டவர்தானா என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா போனைப் பிடுங்கிவிட்டாள். என்ன கேட்டார் என்று அவளுக்கு எப்படிப் புரிந்ததோ தெரியாது. என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டிருப்பாள்.

அம்மாவுக்கு அந்த பாஷையில் மொத்தம் இருபது வாக்கியம் தெரியும். ‘எவ்வளவு குறைக்கணும்’, ‘இடுப்பு சரியா’, ‘வியாழக்கிழமை ரெடி’. அந்த இருபதை வைத்துக்கொண்டு, கடையில் நிற்கும் குரலில் சொன்னாள்: “நான். நான் மாத்தினது. நான் கையெழுத்து. பொண்ணு இல்ல.”

“அம்மா!”

போனைக் கையால் பொத்திக்கொண்டாள். “வாயை மூடு. உன் பேரு எந்தக் காகிதத்துலயும் வரக் கூடாது. அவங்க கம்ப்யூட்டர்ல ஒரு தடவை ஏறினா சாகற வரைக்கும் இறங்காது.”

“உனக்கு வழக்கு வரும்மா!”

“வரட்டும். எனக்கென்ன, பேன்ட்டைப் பிடிக்க அசாதாரணத் திறமை யாரும் கேக்கப்போறதில்ல.”

ஸ்பீக்கரைப் போட்டேன். ஸ்டிக்கரம்மா மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, அம்மாவுக்குப் புரிய வேண்டும் என்பதுபோல் பேசினார். அம்மாவுக்குப் புரியவில்லை. அப்பாவுக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

“என்னடி சொல்றாங்க?”

“வியாழக்கிழமை பத்து மணிக்கு உன்னையும் வரச் சொல்றாங்கம்மா.”

“வர்றேன். அதுக்கென்ன?”

“நீ இரண்டு மொழியும் நல்லாத் தெரிஞ்சவன்னு கையெழுத்துப் போட்டிருக்கே இல்ல? அந்த மொழிபெயர்ப்பாளர் முன்னாடி உன்கிட்ட அவங்க பாஷையில பேசணுமாம். தனியா. நான் கூட வரக் கூடாதாம்.”

அப்பா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அம்மா தட்டிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

இத்தனை நாளும் நிரூபிக்க வேண்டியது அப்பாவின் திறமையைத்தான். இப்போது இரண்டு நாளில் அம்மாவுடையதையும் நிரூபிக்க வேண்டும். இதையெல்லாம் ஒரே வரியில் செய்தது நான்.

வீட்டுக்கு வந்து யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூங்கவில்லை, விரல் போர்வைமேல் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நாளைக் காலையில் முதல் வேலையாக ஸ்டிக்கரம்மாவிடம் போய், மாற்றியது நான்தான் என்று சொல்லிவிடுவதா, அம்மா பேச்சைக் கேட்பதா? எனக்குத் தெரியவில்லை. நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

சமையலறையில் இன்னும் விளக்கு எரிகிறது. சற்று முன்னால் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி போய் எட்டிப் பார்த்தேன். இங்கே வந்த புதிதில் நான் இந்த ஊர் பாஷை படித்த பாடப் புத்தகத்தை அம்மா எங்கிருந்தோ தேடி எடுத்திருக்கிறாள். அடுப்பு மேடைமேல் விரித்து வைத்து, ஒவ்வொரு வார்த்தைக்குக் கீழேயும் ஒரு குண்டூசி முனையை நகர்த்திக்கொண்டே படிக்கிறாள். எங்கள் தூக்கம் கெட்டுவிடக் கூடாது என்று சத்தம் வெளியே வராமல், மூச்சு மட்டும் விட்டு.

அடக்கி வாசிக்கிறாள்.